சுங்கத்துறையிடம் கொடுத்த தகவல் யார் கைக்கெல்லாம் போகலாம்?

கேள்வி இதுதான். சரக்கு இறக்குமதி செய்யும் ஒருவர், தன்னுடைய சப்ளையர் யார், மாதாமாதம் எவ்வளவு சரக்கு வருகிறது என்பதெல்லாம் போட்டி நிறுவனத்துக்கு அப்படியே தெரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “நாம் கொடுக்கும் விவரத்தை கஸ்டம்ஸ் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமா, இதற்கெல்லாம் சட்டமே கிடையாதா?” என்று கேட்டிருக்கிறார். கூடவே, விமானத்தில் போகும்போது நம்மைப் பற்றி எல்லைத் துறைக்குப் போகும் தகவலுக்கும் இதே விதிதானா என்றும் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சட்டம் இருக்கிறது. அதுவும் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் இருக்கிறது: முதலில் “வெளியே சொல்லாதே” என்று மொத்தமாக ஒரு தடை, அப்புறம் இன்ன காரியத்துக்கு இன்னாருக்குச் சொல்லலாம் என்று வரிசையாக விதிவிலக்குகள். எல்லோரும் தடையைத்தான் படிக்கிறார்கள். உங்கள் தகவல் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பதோ விதிவிலக்கு. அதிலும், விதிவிலக்கு வழியாகத் தகவலை வாங்கிக்கொண்டவரை அந்த ரகசியக் கடமை பின்தொடர்கிறதா இல்லையா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சட்டங்களுக்கு உரைகல். அதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

சுங்கத்திடம் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரே ஒரு பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது சரக்கை இறக்கும்போது சுங்கத்திடம் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். விற்றவர் பெயர், முகவரி, இன்வாய்ஸ் எண், ஒரு யூனிட்டுக்கு என்ன விலை, எத்தனை எண்ணிக்கை, எந்த ஹெச்.எஸ். கோடு (சரக்கின் வகையைக் குறிக்கும் சுங்க எண்), எந்த நாட்டில் தயாரானது, சரக்குக் கட்டணம், இன்ஷூரன்ஸ், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உறவு உண்டா, ராயல்டி கொடுக்கிறார்களா என எல்லாம் அதிலும் அதோடு சேர்ந்த தாள்களிலும் இருக்கும். இதை ஒரு போட்டியாளர் கையில் கொடுத்தால் உங்கள் அடக்க விலையை அவரே போட்டுப் பார்த்துவிடுவார். அடுத்த வாரமே அதே சப்ளையரிடம் போய் நிற்பார்.

வணிகர்கள் மேல் இரக்கப்பட்டு மட்டும் இதை ரகசியமாக வைக்கச் சொல்லவில்லை. உண்மையான விலையைச் சொன்னால் அது கடைவீதிக்குப் போய்விடும் என்ற பயம் வந்தால் யாரும் உண்மையான விலையைச் சொல்லமாட்டார்கள், வரி வசூலே ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம் தன் 10ஆவது பிரிவில், இயல்பிலேயே ரகசியமான தகவலையும், ரகசியம் என்று சொல்லிக் கொடுத்த தகவலையும் மதிப்பீட்டுக்காக வாங்கும் அதிகாரிகள் அதைக் கண்டிப்பாக ரகசியமாகவே வைக்க வேண்டும், கொடுத்தவர் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது, நீதிமன்ற நடவடிக்கைக்குத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் சொல்லலாம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கச் சட்டத்தொகுப்பும் தன் 12ஆவது பிரிவில் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது.

தண்டனை நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் வரியும் சுங்கமும் ஒரே துறை. அந்தத் துறைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவு அதிகாரிகளைக் கட்டுப்படுத்துகிறது. அடையாளம் தெரியும்படி ஒருவரைப் பற்றிய தகவலைச் சட்டவிரோதமாக வெளியிட்டால் 19ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. அமெரிக்காவில் வணிக ரகசியத்தை வெளியிடும் அரசு ஊழியருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு, வேலையும் போகும். கனடாவில் சுங்கச் சட்டத்தின் 107ஆவது பிரிவு, தகவலைக் கொடுப்பது, பார்க்க விடுவது, பயன்படுத்துவது மூன்றையும் தடை செய்கிறது. அந்த மூன்றாவது சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அதிகாரி யாரிடமும் எதுவும் சொல்லாமல், தன் மைத்துனர் வியாபாரத்துக்கு உதவும் என்று கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தாலே அங்கே அது தவறு.

இந்தியா இந்த விஷயத்தில் கொஞ்சம் தாமதம். 2022 நிதிச் சட்டம்தான் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. ஏற்றுமதி இறக்குமதிக்காகப் பதிவு செய்யப்பட்ட சரக்கின் மதிப்பு, வகைப்பாடு, அளவு, ஏற்றுமதியாளர் இறக்குமதியாளர் விவரம் இவற்றை வேறு சட்டம் எதுவும் கேட்காத நிலையில் யாராவது வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்திய அரசு வெளியிடுவதற்கும், அரசின் சார்பில் வெளியிடுவதற்கும் இது பொருந்தாது. வழக்கு எடுக்க வேண்டுமானால் சுங்க ஆணையரின் முன் அனுமதி வேண்டும், நீங்களே நேராக நீதிமன்றத்துக்குப் போய்விட முடியாது.

இந்தப் பிரிவை ஊன்றிப் படித்தால் ஓர் இடைவெளி தெரியும். அது பிடிப்பது “வெளியிடுவதை”. அச்சிலோ மின்னணு வடிவிலோ எடுத்துப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வதும் அதில் அடங்கும் என்று விளக்கமும் போட்டிருக்கிறார்கள். ஆக, பில் ஆஃப் என்ட்ரி விவரங்களை வரிசையாகச் சேர்த்து இணையத்தில் சந்தா முறையில் விற்றால் மாட்டிக்கொள்ளலாம். ஒருவர் ஒரே ஒரு தாளை ஒரே ஒரு ஆளுக்கு மேசைக்கு அடியில் கொடுத்தால்? அதற்கு இந்தப் பிரிவு நேராகப் பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகள் இருக்கின்றன, கஸ்டம்ஸ் புரோக்கர் (இறக்குமதியாளர் சார்பில் சுங்க வேலையை முடித்துத் தரும் உரிமம் பெற்ற முகவர்) என்றால் 2018 உரிம விதிமுறைகள் இருக்கின்றன (தனக்கு அனுமதி தரப்படாத அரசுப் பதிவேட்டிலிருந்து தகவல் எடுக்க முயலவே கூடாது என்று அதில் இருக்கிறது). ஆனாலும் கனடாவில் உள்ளதுபோல் “பார்க்க விடாதே, பயன்படுத்தாதே” என்று இங்கேயும் எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கேள்வி கேட்டவரின் தகவல் எப்படிப் போயிருக்கும்? பலர் நினைத்துப் பார்க்காத ஒரு வழியைச் சொல்கிறேன். அமெரிக்காவில் கப்பல் சரக்குப் பட்டியல், அதாவது மேனிஃபெஸ்ட், சட்டப்படியே பொதுத் தகவல். அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், முகவரிகள், சரக்கு பொதுவாக என்ன வகை, எத்தனை பொதி, மொத்த எடை, கப்பல் பெயர், ஏற்றிய துறைமுகம், இறக்கிய துறைமுகம் இவ்வளவும் வெளியே வரும். தகவல் விற்கும் நிறுவனங்கள் இதை மொத்தமாக வாங்கித் தேடும் வசதியோடு விற்கின்றன. விலை அதில் இருக்காது. ஆனால் உங்கள் சப்ளையர் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறவராக இருந்தால், அவர் பெயரும் எந்தச் சரக்கை எவ்வளவு அனுப்புகிறார் என்பதும் ஏற்கெனவே வெளிச்சத்தில்தான் இருக்கிறது. உங்கள் பெயர் அதில் இல்லாவிட்டாலும், உங்கள் துறையில் யார் யார் தயாரிக்கிறார்கள் என்று பார்த்து, மிச்சத்தை ஒரு விற்பனையாளர் ஊகித்துவிடலாம்.

இதற்கும் ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்பவர் அங்குள்ள எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிக் கொடுத்தால், தன் பெயரையும் முகவரியையும், தனக்கு அனுப்புகிறவர் பெயரையும் மறைக்கச் சொல்லலாம். அது 2 ஆண்டுக்குத்தான் செல்லும், அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மேனிஃபெஸ்டில் உள்ளது உங்கள் கோரிக்கையோடு பொருந்தாமல் வெளியே வந்துவிடக்கூடும் என்பதால், நிறுவனத்தின் பெயரை எந்தெந்த விதமாக எழுதுவார்களோ அத்தனையையும் கொடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது, துறைக்குள்ளேயே உயர்ந்த இடத்தில் இருப்பவர் பேசிவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கை யாரும் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. 2012இல் வரி, சுங்கத் துறையின் நிரந்தரச் செயலர் இரண்டு பத்திரிகையாளர்களைச் சந்தித்து, பெயர் போடக் கூடாது என்ற பேச்சோடு, வரி தவிர்ப்புத் திட்டங்களைப் பற்றிச் சொன்னார். இன்ஜீனியஸ் மீடியா என்ற நிறுவனத்தைப் பற்றியும் அதை நிறுவியவரைப் பற்றியும் பேச்சு போனது. அடுத்த சில நாட்களில் அது பத்திரிகையில் வந்துவிட்டது. நிறுவனம் வழக்குப் போட்டது. துறை சொன்ன வாதம்: பத்திரிகையாளர்களோடு நல்ல உறவு வைத்துக்கொள்வதும் வரி வசூலுக்கு உதவும், அதனால் இதுவும் எங்கள் பணியின் ஒரு பகுதி, 18ஆவது பிரிவில் “துறையின் பணிக்காக” வெளியிடலாம் என்று விதிவிலக்கு இருக்கிறதே. கீழே இரண்டு நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொண்டன. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மொத்தமாகப் புரட்டிப் போட்டது. பணிக்காக என்ற சொல்லை இவ்வளவு அகலமாக விரித்தால் ரகசியம் என்ற கடமையே மிஞ்சாது, அந்த விதிவிலக்கைக் குறுக்கித்தான் படிக்க வேண்டும் என்றது. பெயர் போடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தேன் என்பதும் எடுபடவில்லை. கொடுக்கக் கூடாததை ரகசியமாகக் கொடுத்தாலும் அது கொடுக்கக் கூடாததுதான்.

ஆக, எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்தாலும் “துறையின் பணிக்காக”, “பொது நலனுக்காக” என்ற சொற்கள் வரும் இடத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். அதற்கு எல்லை எங்கே என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். கனடாவில் பொது நலனுக்காக வெளியிடுவதென்றால், அந்த நலன் தனியுரிமை இழப்பையோ வணிகருக்கு வரும் பண நஷ்டத்தையோ போட்டியில் ஏற்படும் பாதிப்பையோ விடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும். தனிநபர் தகவல் என்றால் தனியுரிமை ஆணையருக்கும் தெரிவிக்க வேண்டும். யாருக்கோ பதில் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தால்தான் கை தயங்கும்.

துறை விட்டுத் துறைக்குப் பகிர்வது இன்று அன்றாட வேலை. வரித்துறை, காவல்துறை, உணவுப் பாதுகாப்பு, மத்திய வங்கி என எல்லோருக்கும் சுங்கத் தகவல் வேண்டும், அதில் தப்பும் இல்லை. போலி மருந்து வந்திருக்கிறது என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குச் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. ஆனால் அனுமதி இருப்பது ஒன்று, பத்திரமாக அனுப்புவது வேறு. 2007இல் பிரிட்டனின் இதே துறை, தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பிய இரண்டு சிடிக்களைத் தொலைத்தது. குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரம், சுமார் 2.5 கோடிப் பேர், பாஸ்வேர்டு மட்டும் போட்டு, குறியாக்கம் செய்யாமல், பதிவுத் தபாலில்கூட அனுப்பாமல். கேட்டது அரசின் தணிக்கை அலுவலகம்தான். ஆனாலும் தணிக்கைக்குத் தேவைப்படாத விவரங்கள் வரை அப்படியே அள்ளிப்போட்டு அனுப்பியிருந்தார்கள். துறைத் தலைவர் பதவி விலகினார்.

நாடு விட்டு நாடு பகிர்வதற்கு இப்போது ஓர் ஒழுங்கான விதி இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது, அதன் 12ஆவது பிரிவைப் பாருங்கள். ஒருவர் இறக்குமதியின்போது ஒரு விலையைச் சொல்லி, அனுப்பிய நாட்டில் ஏற்றுமதி ஆவணத்தில் வேறு விலை இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், இந்த நாட்டுச் சுங்கம் அந்த நாட்டுச் சுங்கத்திடம் எழுதிக் கேட்கலாம். சும்மா கேட்க முடியாது. முதலில் தன்னிடம் உள்ளதைச் சரிபார்த்திருக்க வேண்டும், சந்தேகத்துக்குக் காரணம் இருக்க வேண்டும், எதற்காகக் கேட்கிறோம் என்று எழுத வேண்டும். பதிலை முடிந்த அளவு 90 நாளுக்குள் தரச் சொல்கிறது. வாங்கிய நாடு அதைக் கேட்ட காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், கொடுத்த நாட்டில் அந்தத் தகவலுக்கு எவ்வளவு பாதுகாப்பு உண்டோ குறைந்தது அவ்வளவாவது தர வேண்டும், எழுத்துமூல அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. தன் சட்டம் தடுக்கிறது, பொது நலனுக்கு எதிரானது என்பது போன்ற காரணங்கள் இருந்தால் கொடுக்க மறுக்கவும் செய்யலாம். தகவலோடு சேர்ந்து பாதுகாப்பும் எல்லை தாண்டிப் போக வேண்டும் என்று நாடுகள் கூடி எழுதிவைத்தது பெரிய விஷயம். இந்தியாவும் 2018இல் சுங்கச் சட்டத்தில் 151பி என்ற பிரிவைச் சேர்த்து, பிற நாடுகளோடு தகவல் பரிமாற ஒப்பந்தம் போடவும், வரும் தகவலைப் பயன்படுத்தவும் வழி செய்துகொண்டது.

பயணிகள் தகவலுக்கு வருவோம். நீங்கள் டிக்கெட் எடுக்கும்போது உருவாகும் பதிவைத்தான் பி.என்.ஆர். என்கிறார்கள். பெயர், தொடர்பு எண், எந்த ஏஜென்டிடம் எடுத்தீர்கள், எப்படிப் பணம் கட்டினீர்கள், யாரோடு போகிறீர்கள், எத்தனை பெட்டி, எந்த இருக்கை எல்லாம் அதில் உண்டு. இந்தியாவில் 2022 ஆகஸ்டில் வந்த விதிமுறைகளின்படி, சர்வதேச விமானங்களை இயக்கும் நிறுவனங்கள் இதைப் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே சுங்கத்துறையின் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினால் ஒவ்வொரு முறைக்கும் 25,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், பாலியல் நாட்டம் இவற்றை வெளிப்படுத்தும் விதமாக அந்தத் தகவலைக் கையாளக் கூடாது என்றும் இருக்கிறது. அதிகபட்சம் 5 ஆண்டு வைத்திருக்கலாம், அதன் பிறகு ஆள் அடையாளம் நீக்க வேண்டும். ஆனால் தேவைப்பட்டால் அந்த மறைப்பை எடுத்துவிட்டு மறுபடி பார்க்கவும் விதி இடம் தருகிறது. அப்புறம் அது என்ன நீக்கம் என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஐரோப்பாவில் இதே சண்டை நீதிமன்றம் வரை போனது. அங்கே 2016 நெறிமுறையும் 5 ஆண்டு வைத்துக்கொள்ளத்தான் சொன்னது, 6 மாதத்தில் அடையாளத்தை மறைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2022 ஜூன் 21இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நெறிமுறையை ரத்து செய்யாமல், அதை இறுக்கிப் படிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பயங்கரவாதம், கடும் குற்றம் இரண்டுக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், சந்தேகத்துக்கு எந்த முகாந்திரமும் இல்லாத பயணியின் தகவலை 6 மாதத்துக்கு மேல் பொத்தாம் பொதுவாக வைத்திருக்கக் கூடாது. எனக்கு இந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. விடுமுறைக்குப் போய்வந்த ஒரு குடும்பத்தின் இருக்கை எண் 5 வருடம் ஓர் அரசுக் கணினியில் எதற்கு?

கவனிக்க வேண்டியது, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் மனிதர்களைத்தான் காக்கும். நிறுவனத்தின் கொள்முதல் விலைக்கு அவை உதவாது. அதனால் இறக்குமதியாளர் “டேட்டா புரொடெக்‌ஷன்” என்று போய் நிற்பதில் பயனில்லை, சுங்கச் சட்டத்தையும் வணிக ரகசிய விதிகளையும்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு நேரம் ரகசியத்துக்காகப் பேசினேன், இனி அதே ரகசியம் வாயைக் கட்டும் கதையையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் எல்லைப் படைச் சட்டம் 2015 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 42ஆவது பிரிவு, துறைக்காக வேலை செய்பவர் யாராக இருந்தாலும் வேலையின்போது தெரிந்துகொண்ட பாதுகாக்கப்பட்ட தகவலை வெளியே சொன்னால் 2 ஆண்டு சிறை என்றது. பாதுகாக்கப்பட்ட தகவல் என்றால் வேலையில் தெரிந்துகொண்ட எதுவுமே. ஆஸ்திரேலியா தன் நாட்டுக்கு வெளியே நடத்திய நவுரு, மானுஸ் தீவு முகாம்களில் அகதிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களும் நர்ஸ்களும் ஒப்பந்த ஊழியர்களாக அதற்குள் வந்துவிட்டார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து என்றால் சொல்லலாம் என்று 48ஆவது பிரிவில் விதிவிலக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எது கடும் ஆபத்து என்று பிற்பாடு வேறொருவர் முடிவு செய்வார், அதுவரை உங்கள் தலைமேல் சிறைத் தண்டனை தொங்கும் என்றால் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? டாக்டர்கள் அமைப்பு ஒன்று 2016இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு விசாரணைக்கு வருமுன்பே, அந்த ஆண்டு செப்டம்பர் 30இல், மருத்துவப் பணியாளர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று துறையே மாற்றிக்கொண்டது. 2017இல் சட்டத்தையே திருத்தினார்கள். எல்லாத் தகவலும் ரகசியம் என்பது போய், நாட்டின் பாதுகாப்பு, குற்ற விசாரணை, வணிகருக்கு ஏற்படும் பாதிப்பு என இன்ன இன்ன கேடு விளைவிக்கும் தகவல்தான் ரகசியம் என்று வகைப்படுத்தினார்கள், அதுவும் 2015 ஜூலை 1 முதல் முன்தேதியிட்டு. முதலிலேயே அப்படி எழுதியிருக்கலாம். நோயாளியின் நிலையைச் சொன்ன டாக்டரும், கன்டெய்னர் சோதனைத் திட்டத்தைக் கடத்தல்காரனுக்கு விற்ற ஊழியரும் ஒரே பிரிவில் நிற்கக் கூடாது.

கடத்தலைப் பற்றித் துப்புக் கொடுப்பவர்களுக்கு உள்ள பாதுகாப்பையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வருவாய்க் குற்றத்தைப் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி வருவாய் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் 131ஆவது பிரிவாக அது தொடர்கிறது.

கடைசியாக, கேள்வி கேட்டவர் என்ன செய்யலாம்? போட்டியாளர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு உங்கள் இறக்குமதி விவரத்தைக் கேட்டால், 8(1)(டி) பிரிவு வணிக ரகசியத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது, பெரிய பொது நலன் இருந்தாலொழிய. ரகசியமாகக் கருதப்படும் உங்கள் தகவலைக் கொடுக்கத் தகவல் அதிகாரி உத்தேசித்தால், 11ஆவது பிரிவின்படி, விண்ணப்பம் வந்த 5 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது உங்கள் கைக்கு வந்த 10 நாளுக்குள் நீங்கள் ஆட்சேபம் சொல்லலாம். அந்த 10 நாளைத் தவற விடாதீர்கள். “இது ரகசியம், தர வேண்டாம்” என்று ஒற்றை வரியில் எழுதினால் எடுபடாது. இந்த விலை தெரிந்தால் இந்த ஒப்பந்தம் இப்படிப் பாதிக்கும் என்று விவரமாக எழுத வேண்டும். மதிப்பீட்டுக்காக ஒப்பந்த நகல், ராயல்டி உடன்படிக்கை போன்றவற்றைக் கொடுக்கும்போதே ஒவ்வொரு பக்கத்திலும் வணிக ரகசியம் என்று முத்திரை போட்டுக் கொடுங்கள். கொடுத்தபோதே ரகசியம் என்று சொன்னோமா என்பதும் பிறகு கணக்கில் எடுக்கப்படும்.

அதற்கு முன்னால், சுங்கத்தின் மேல் பழி போடுவதற்கு முன், உங்கள் இன்வாய்ஸ் எத்தனை பேர் இன்பாக்ஸில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சப்ளையர், ஃபார்வர்டர் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்பவர்), கப்பல் ஏஜென்ட், கஸ்டம்ஸ் புரோக்கர், அவருடைய அலுவலக உதவியாளர், வங்கி, லாரி கம்பெனி என்று வரிசை நீளும். இவர்களில் சுங்கத்தின் ரகசியச் சட்டம் கட்டுப்படுத்துவது வெகு சிலரைத்தான், மற்றவர்களை உங்கள் ஒப்பந்தம்தான் கட்டுப்படுத்த வேண்டும். ஃபார்வர்டரோடும் புரோக்கரோடும் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, ரகசியம் பற்றி ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் எழுதிச் சேருங்கள். வேலை முடிந்த பிறகும் அது செல்லும், அவர்கள் வேலைக்கு வைக்கும் ஆட்களுக்கும் பொருந்தும் என்ற இரண்டு வாசகம் அதில் கட்டாயம் இருக்கட்டும். இவ்வளவும் சரியாக இருந்து, கசிவு துறைக்குள்ளிருந்துதான் என்று தேதியோடும் ஆவண எண்ணோடும் காட்ட முடிந்தால், சுங்க ஆணையருக்கும் துறையின் கண்காணிப்புப் பிரிவுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். எந்த விவரம் எந்தத் தேதியில் போட்டியாளரிடம் இருந்தது என்பதற்கான சான்றையும் அதோடு இணைத்துவிடுங்கள்.